அடுக்குப் பட்டையில் தேதியைச் சரியாக நிறுத்துவது எப்படி? தோவாளைப் பூக்கணக்கும் மீன்பிடித் தடைக்காலமும் வைத்து ஒரு வழிகாட்டி

எக்செல் போன்ற மென்பொருளுக்குத் தேதி என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண்தான். 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒன்றாகக் கூட்டிக்கொண்டே வருகிறது. கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த 1956 நவம்பர் 1 அதன் கணக்கில் 20760. கடலுக்குள் திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்ட 2000 ஜனவரி 1, 36526. நம் கண்ணுக்குத் தெரியும் ‘01-01-2000’ என்பது அந்த எண்ணுக்கு மாட்டிவிட்ட சட்டை. சட்டை மாறும், எண் மாறாது.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. ஸ்டாக்டு பார் சார்ட் எனப்படும் அடுக்குப் பட்டை வரைபடத்தில் தேதிக்கு இரண்டு வேலைகளில் ஒன்றுதான் கிடைக்கும். பட்டையின் அடியில் பெயராக நிற்கலாம்: இந்தப் பட்டை எந்த நாளுடையது என்று சொல்ல. அல்லது பட்டையின் நீளமாகவே ஆகலாம்: இந்த நாளிலிருந்து அந்த நாள் வரை என்று காட்ட. முதல் வேலையில், நாம் கொடுத்தது தேதிதான் என்று மென்பொருள் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டாவதில் அது எண்ணாகத்தான் வேலை செய்யும். அச்சில் மட்டும் தேதியாகத் தெரியவேண்டும். தன்னுடைய படம் இதில் எந்த வகை என்று பார்க்காமல் மெனுவுக்குள் புகுந்து தேடுகிறவர்கள்தான் மணிக்கணக்கில் அலைகிறார்கள்.

கீழே சொல்வது பெரும்பாலும் எக்செலுக்கு. லிபரே ஆபிஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் இரண்டும் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

தேதி பெயராக நிற்கும்போது

தோவாளைச் சந்தையில் பூ வாங்கி விற்கும் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். 2025 ஓணத்துக்கு அத்தம் ஆகஸ்ட் 26, திருவோணம் செப்டம்பர் 5. அந்தப் பதினொரு நாளும் கேரளத்துக்குப் பூ போய்க்கொண்டே இருக்கும். தினமும் எத்தனை கிலோ மல்லிகை, எத்தனை கிலோ பிச்சி, எத்தனை கிலோ கேந்தி என்று ஒரு தாளில் குறித்திருக்கிறார்கள். முதல் நெடுவரிசையில் தேதி, அடுத்த மூன்றில் மூன்று பூ. நாளுக்கு ஒரு பட்டை, பட்டைக்குள் மூன்று நிறம். வேண்டியது இவ்வளவுதான்.

படம் போடும் முன்பே செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு. தேதி நெடுவரிசையை முழுதாகத் தேர்ந்தெடுத்து, எண் வடிவத்தை ‘ஜெனரல்’ என்று மாற்றுங்கள். எல்லாக் கட்டங்களும் 45895, 45896, 45897 என்று ஐந்திலக்க எண்ணாக மாறினால் நல்லது. 2025 ஆகஸ்ட் 26-க்கு உரிய எண் 45895. திருவோண நாளுக்கு 45905. சில கட்டங்கள் மாறாமல் ‘26/08/2025’ என்றே நின்றால், அவை தேதி அல்ல, வெறும் எழுத்து. பார்த்ததும் கன்ட்ரோல் இசட் அழுத்தித் திரும்பிவிடலாம். கால்க் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது: கன்ட்ரோலோடு எஃப்8. எண்ணெல்லாம் நீலமாகவும் எழுத்தெல்லாம் கறுப்பாகவும் மாறும். சூத்திரம் பச்சை.

அந்த ஓணக் கணக்கு அமெரிக்க முறையில் அமைக்கப்பட்ட ஒரு கணினியில் என்ன ஆகும் என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மற்ற தவறுகளெல்லாம் இதன் சொந்தக்காரர்கள்தான். அமெரிக்காவில் மாதம் முதலில், நாள் பிறகு. ‘26/08/2025’ என்று கொடுத்தால் 26-ஆம் மாதம் என்று ஒன்று இல்லையே என்று மென்பொருள் அதை எழுத்தாக விட்டுவிடும். 27 முதல் 31 வரைக்கும் இதே கதை. அடுத்து வரும் ‘01/09/2025’-ஐப் பார்த்ததும் அதற்குச் சந்தேகமே வராது. ஜனவரி 9 என்று எடுத்துக்கொள்ளும். ‘02/09’ பிப்ரவரி 9 ஆகும். இப்படியே போய்த் திருவோணம் மே 9-இல் வந்து நிற்கும். ஆறு நாள் எழுத்து, ஐந்து நாள் தவறான தேதி. ‘ஜெனரல்’ சோதனையில் ஐந்து எண்கள் வந்திருக்குமே, சரிதானே என்று ஏமாந்துவிடக் கூடாது. அந்த எண் 45901-ஆ, 45666-ஆ என்று பார்க்க வேண்டும். 45666 என்றால் ஜனவரி 9.

இதில் மோசம் என்னவென்றால், படம் முதலில் சரியாகவே தெரியும். எழுத்தும் எண்ணும் கலந்து கிடப்பதால் எக்செல் எல்லாவற்றையும் வெறும் பெயராக எடுத்துக்கொண்டு, தாளில் இருக்கும் வரிசையிலேயே பட்டைகளை அடுக்கிவிடும். யாராவது தேதிப்படி வரிசைப்படுத்தினாலோ, அச்சின் வடிவத்தை ‘நாள்-மாதப் பெயர்’ என்று மாற்றினாலோதான் குட்டு வெளிப்படும். “எடே மக்கா, ஓணம் எப்பம்டே ஜனவரியில வந்தது?” என்று கடைக்காரர் கேட்டால் சொல்ல நம்மிடம் பதில் இருக்காது.

சரிசெய்யும் முறை, தாள் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மூலத்தாள் கையில் இருந்தால் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக உள்ளே கொண்டுவருவதே நல்லது. முதலில் விண்டோஸ் அமைப்பில் ‘ரீஜன்’ பகுதிக்குப் போய் ‘இங்கிலீஷ் இந்தியா’ என்று வையுங்கள். கூகுள் ஷீட்ஸில் ‘ஃபைல்’, ‘செட்டிங்ஸ்’, ‘லொகேல்’ என்று போய் இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள். கால்க்கில் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) திறக்கும்போது வரும் பெட்டியிலேயே தேதி நெடுவரிசையைத் தொட்டு, அதன் வகையை நாள்-மாதம்-ஆண்டு என்று சொல்லிவிடலாம். எக்செலில் எல்லாக் கட்டமும் எழுத்தாகவே கிடந்தால், ‘டேட்டா’ பட்டியலில் ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ எடுத்து, மூன்றாவது படியில் ‘டேட்’, ‘டிஎம்ஒய்’ என்று குறித்து முடியுங்கள்.

மூலத்தாள் இல்லை, பாதி எழுத்தும் பாதி தவறான தேதியுமாகக் கிடக்கிறது என்றால் இரண்டு பாதியையும் தனித்தனியாகத்தான் கவனிக்க வேண்டும். எழுத்தாக நிற்பவற்றுக்கு மேலே சொன்ன வழி. தவறான தேதியாகிவிட்டவற்றுக்குப் பக்கத்து நெடுவரிசையில் ஒரு சூத்திரம்: =டேட்(இயர்(ஏ2), டே(ஏ2), மன்த்(ஏ2)). ஆங்கில எழுத்தில் தட்டச்சுங்கள். மாதம் இருக்கவேண்டிய இடத்தில் நாளையும், நாள் இருக்கவேண்டிய இடத்தில் மாதத்தையும் கொடுக்கிறோம். மாறிப்போனது திரும்ப மாறிவிடும். பிறகு அந்த விடையை நகலெடுத்து, ‘பேஸ்ட் வேல்யூஸ்’ மூலம் பழைய இடத்தில் ஒட்டிவிடலாம்.

கடைக் கணக்கு வாட்ஸ்அப்பில் வருகிற இடங்களில் ‘26.8.25’ என்று புள்ளி வைத்து எழுதுவார்கள். பல கணினிகளில் அது எழுத்தாகவே நிற்கும். ரீஜனைச் சரிசெய்த பிறகு, அந்த நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் ஹெச் அழுத்திப் புள்ளிக்குப் பதில் சிறுகோடு என்று மாற்றினால் தேதியாகிவிடும். நெடுவரிசையைத் தேர்ந்தெடுக்காமல் மாற்றினால் 12.5 கிலோ பிச்சியும் சேர்ந்து கெட்டுப்போகும், கவனம். புதிதாகக் கணக்கு எழுதத் தொடங்குகிறவர்கள் ‘2025-08-26’ என்று ஆண்டை முதலில் எழுதப் பழகிக்கொண்டால் எந்த நாட்டு அமைப்பிலும் குழப்பம் வராது. எழுதக் கொஞ்சம் ஒட்டாத மாதிரி இருக்கும், பழகிவிடும்.

இனி படம் போடுவது. தலைப்போடு சேர்த்து நான்கு நெடுவரிசையையும் தேர்ந்தெடுத்து, ‘இன்செர்ட்’ பட்டியலில் ‘ஸ்டாக்டு காலம்’ எடுங்கள். தேதியை நீளவாட்டில், இடமிருந்து வலமாக, ஓடவிடுவதுதான் கண்ணுக்குப் பழக்கம்; அதனால் நிற்கும் பட்டை. படுத்த பட்டையில் தேதி கீழிருந்து மேலாக ஏறும், படிப்பவர் தலையைச் சாய்க்க வேண்டியிருக்கும்.

நாள் கணக்குக்குப் பதில் ஆண்டுக் கணக்கு போடுகிறவர்களுக்கு இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. முதல் நெடுவரிசையில் 2023, 2024, 2025 என்று வெறும் எண் இருந்தால், அதையும் ஒரு சரக்காக நினைத்து எக்செல் அடுக்கிவிடும். 40 கிலோ மல்லிகைக்குப் பக்கத்தில் 2025 உயரத்தில் ஒரு நிறம் வானம்முட்ட நின்றால் காரணம் இதுதான். அந்த நெடுவரிசையின் தலைப்புக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுத் திரும்பப் படம் போட்டுப் பாருங்கள். அல்லது ‘செலக்ட் டேட்டா’ பெட்டியில் ஆண்டைத் தொடரிலிருந்து நீக்கி, வலப்பக்கம் உள்ள அச்சுப் பெயர்ப் பகுதியில் சேருங்கள்.

நாள் அச்சா, எழுத்து அச்சா?

படத்தின் அடியில் உள்ள தேதிகளை இரட்டை கிளிக் செய்தால் வலப்பக்கம் ‘ஃபார்மேட் ஆக்சிஸ்’ பலகை திறக்கும். அதில் ‘ஆக்சிஸ் டைப்’ என்ற இடத்தில் மூன்று வழிகள்: தானாகத் தேர்ந்தெடுப்பது, ‘டெக்ஸ்ட் ஆக்சிஸ்’, ‘டேட் ஆக்சிஸ்’. இந்த ஒரு பொத்தானில்தான் படத்தின் பொருளே மாறுகிறது.

டேட் ஆக்சிஸ் என்றால் நாட்காட்டி மாதிரி நடந்துகொள்ளும். கணக்கு இல்லாத நாளுக்கும் இடம் விடும். டெக்ஸ்ட் ஆக்சிஸ் தாளில் இருக்கும் வரிகளை மட்டும் ஒட்டி ஒட்டி நிறுத்தும். பூக்கடை இரண்டு நாள் பூட்டியிருந்தால் முதல் வகையில் இரண்டு பட்டை அளவுக்கு வெற்றிடம் தெரியும். இரண்டாவது வகையில் பூட்டியதே தெரியாது. குளச்சலில் இறங்கும் மீனை வகைவாரியாக அடுக்கிக் காட்டுகிறவர் டெக்ஸ்ட் ஆக்சிஸ் வைத்தால், விசைப்படகுகள் கடலுக்குப் போகாத இரண்டு மாதம் மறைந்து, மே கடைசிக்குப் பக்கத்திலேயே ஆகஸ்ட் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைப் படிப்பவர் தொழில் ஆண்டு முழுக்க ஒரே சீராக நடந்ததாக நினைத்துக்கொள்வார். என்னைக் கேட்டால், இடைவெளிக்கு ஒரு பொருள் இருக்கிற கணக்குகளில் டேட் ஆக்சிஸ் தவிர வேறெதையும் தொடக்கூடாது. ஞாயிறு விடுமுறை போல எல்லோருக்கும் தெரிந்த, பொருளில்லாத இடைவெளி என்றால் டெக்ஸ்ட் ஆக்சிஸ் படத்தை நெருக்கமாக, அழகாக வைக்கும்.

மாதக் கணக்கில் நிலைமை வேறு. மாதத்துக்கு ஒரு வரி, ஒவ்வொன்றும் 1-ஆம் தேதியில் பதிந்திருக்கிறது என்று வையுங்கள். டேட் ஆக்சிஸ் வைத்து, அடிப்படை அலகு ‘டேஸ்’ என்று இருந்தால் பட்டை ஒவ்வொன்றும் நூல் போல மெலிந்து, இடையில் முப்பது நாள் வெறுமையாகக் கிடக்கும். ‘பேஸ்’ என்ற இடத்தில் ‘மன்த்ஸ்’ என்று மாற்றினால் பட்டை தடிமனாகும். கால்க்கில் இதற்குச் சமமானது ‘ஸ்கேல்’ பக்கத்தில் வகையை ‘டேட்’ என்று வைத்து ‘ரெசல்யூஷன்’ என்பதை மாதமாக்குவது.

ஆனால் நாள்வாரிக் கணக்கை வைத்துக்கொண்டு அலகை மட்டும் மாதமாக்கினால் எக்செல் கூட்டித் தராது. அந்த மாதத்து முப்பது பட்டைகளையும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு மூடிவிடும். மாதக் கூட்டுத்தொகை வேண்டுமென்றால் முதலில் பிவட் டேபிள் (வரிகளைக் குழுவாக்கிக் கூட்டித் தரும் அட்டவணை) போட்டு, தேதியை மாதமும் ஆண்டுமாகக் குழுவாக்கி, அந்த விடையிலிருந்து படம் எடுங்கள். கூகுள் ஷீட்ஸில் வரைபட அமைப்பிலேயே ‘அக்ரிகேட்’ என்று ஒரு டிக் இருக்கிறது. அது ஒரே பெயர் உள்ள வரிகளைக் கூட்டும். அதற்காக மாதத்துக்கென ஒரு தனி நெடுவரிசை வைத்திருக்க வேண்டும். ஷீட்ஸில் எழுத்து அச்சுக்கான டிக்கின் பெயர் ‘ட்ரீட் லேபிள்ஸ் ஆஸ் டெக்ஸ்ட்’. ‘கஸ்டமைஸ்’ பக்கத்தில் கிடைமட்ட அச்சுக்குக் கீழே இருக்கும்.

மாதப் பெயரைத் தமிழில் எழுத்தாகத் தட்டச்சு செய்துவைத்திருந்தால் வரிசைப்படுத்தும்போது அக்டோபர், ஆகஸ்ட், ஏப்ரல் என்று அகரவரிசையில் வந்து நிற்கும். இதற்கு மருந்து, பெயரைத் தட்டச்சாமல் உண்மையான தேதியை வைத்துக்கொண்டு சட்டையை மட்டும் தமிழாக்குவது. ‘ஃபார்மேட் ஆக்சிஸ்’ பலகையின் அடியில் ‘நம்பர்’ பகுதியில், வடிவக் குறியீட்டில் முதலில் [$-449] என்று போட்டு, ஒட்டினாற்போல் ஆங்கில எம் எழுத்தை நான்கு முறை போடுங்கள். 449 என்பது தமிழுக்கான குறியெண். ‘ஆகஸ்ட்’ என்று முழுப்பெயர் தமிழில் வரும். எம் இரண்டு முறை என்றால் 08 என்று எண், மூன்று முறை என்றால் சுருக்கப் பெயர். நாளுக்கு டி, ஆண்டுக்கு ஒய். குறியீட்டை எழுதியதும் ‘ஆட்’ பொத்தானை அழுத்த வேண்டும். பக்கத்தில் ‘லிங்க்டு டு சோர்ஸ்’ என்பதில் டிக் இருந்தால் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் தாளில் உள்ள வடிவமே திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பதினொரு தேதியும் சாய்ந்து ஒன்றையொன்று முட்டுகிறதா? ஒவ்வொரு பட்டைக்கும் ஆண்டைத் தூக்கி எழுத வேண்டியதில்லை. ஆண்டைப் படத் தலைப்பில் ஒருமுறை சொல்லிவிட்டு, அடியில் நாளும் மாதமும் மட்டும் வையுங்கள்.

தேதியே பட்டையாகும்போது

தமிழ்நாட்டில் இரண்டு மீன்பிடித் தடைக்காலத்தையும் ஒரே மாவட்டத்தில் பார்க்கிறவர்கள் கன்னியாகுமரிக்காரர்களான நாம். கிழக்குக் கடலுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. சின்னமுட்டம் விசைப்படகுகள் இதில் வரும். மேற்குக் கடலுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் இதில். இரண்டையும் ஒரு படத்தில் காட்டினால் எந்த நாளில் எந்தத் துறைமுகத்தில் படகு கட்டிக் கிடக்கும் என்பது ஒரே பார்வையில் தெரியும். திட்டப்பணிகளுக்குப் போடும் கான்ட் சார்ட் என்பதும் இதே உத்திதான்: அடுக்கிய பட்டையில் முதல் அடுக்கைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடுவது.

தாளில் நான்கு நெடுவரிசை: கடற்கரை, தொடக்கம், முடிவு, நாட்கள். நாட்களுக்கான சூத்திரம் முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து ஒன்றைக் கூட்டுவது. அந்த ஒன்றை விட்டால் 60 வரும். ஏப்ரலில் 16 நாள், மே 31, ஜூன் 14, ஆகமொத்தம் 61. தடை தொடங்கும் நாளும் தடைநாள்தானே.

1. தொடக்க நெடுவரிசையைத் தற்காலிகமாக ‘ஜெனரல்’ ஆக்குங்கள். 2025-ஆம் ஆண்டுத் தேதிகளுக்கு 45762, 45809 என்று இரண்டு எண் வரும். தேதியாகவே விட்டால் எக்செல் பல நேரம் அதைப் பெயர் என்று நினைத்து அச்சுக்குக் கொண்டுபோய்விடும்.

2. கடற்கரை, தொடக்கம், நாட்கள் ஆகிய மூன்றை மட்டும் கன்ட்ரோல் அழுத்திக்கொண்டு தேர்ந்தெடுத்து ‘ஸ்டாக்டு பார்’, அதாவது படுத்த பட்டை, போடுங்கள். முடிவு நெடுவரிசை படத்துக்கு வேண்டாம்.

3. தொடக்க அடுக்கின்மேல் ரைட் கிளிக் செய்து நிரப்புதலை ‘நோ ஃபில்’ ஆக்குங்கள். வெள்ளை நிறம் கொடுக்காதீர்கள். பின்னால் ஓடும் கட்டக் கோடுகளை அது மறைத்துவிடும். கீழே உள்ள நிறக்குறிப்பிலிருந்தும் ‘தொடக்கம்’ என்பதை நீக்கிவிடுங்கள்.

4. கிடைமட்ட அச்சைத் திறந்து ‘மினிமம்’ 45748, ‘மேக்சிமம்’ 45870 என்று கொடுங்கள். முன்னது ஏப்ரல் 1, பின்னது ஆகஸ்ட் 1. இந்த எண்களை மனப்பாடம் செய்யவேண்டாம். ஏதாவது காலிக் கட்டத்தில் தேதியைத் தட்டி ‘ஜெனரல்’ ஆக்கினால் தெரிந்துவிடும்.

5. அதே பலகையில் ‘நம்பர்’ பகுதியில் நாள்-மாத வடிவம் கொடுங்கள். தாளில் தொடக்க நெடுவரிசையையும் இப்போது தேதி வடிவத்துக்குத் திருப்பிவிடலாம்.

6. தாளின் முதல் வரி படத்தில் அடியில் போய் நிற்கும். செங்குத்து அச்சில் ‘கேட்டகரீஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர்’ டிக் செய்யுங்கள். உடனே தேதிகள் மேலே ஏறிவிடும். அதற்குப் பக்கத்திலேயே ‘அட் மேக்சிமம் கேட்டகரி’ என்பதையும் தேர்ந்தெடுத்தால் கீழே இறங்கிவிடும்.

நான்காவது படியைத் தாண்டிப் போனவர்களுக்கு அச்சில் ‘00-01-1900’ என்று ஒரு விசித்திரத் தேதி தென்படலாம். ஜனவரி பூஜ்யம்! அச்சு 0-லிருந்து தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். 125 ஆண்டு வெற்றிடத்தைத் தாண்டி, நம் இரண்டு பட்டையும் வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். கால்க்கில் இதே பூஜ்யம் 1899 டிசம்பர் 30 என்று தெரியும். இரண்டுமே மென்பொருளின் பிழை அல்ல. எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பட்டையின் வலது முனை ஜூன் 15-ஐத் தொடுகிறதே, தடை 14-ஆம் தேதியோடு முடிகிறதே என்று கேட்பார்கள். 45762-உம் 61-உம் சேர்ந்தால் 45823. அது ஜூன் 15 பிறக்கும் நள்ளிரவு. 14-ஆம் தேதி முழுவதும் பட்டைக்குள் இருக்கவேண்டுமானால் அங்கேதான் முடியவேண்டும். சரியாகத்தான் இருக்கிறது. குழப்பம் வேண்டாம் என்றால் பட்டைக்குள் ‘ஏப்ரல் 15 – ஜூன் 14’ என்று எழுத்தில் போட்டுவிடுங்கள்.

அடுத்தது, கோடுகளின் இடைவெளி. ‘மேஜர் யூனிட்’ 30 என்று வைப்பது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. வைத்துப் பாருங்கள்: ஏப்ரல் 1, மே 1, மே 31, ஜூன் 30, ஜூலை 30. வடிவத்தில் மாதப் பெயர் மட்டும் கொடுத்திருந்தால் அச்சில் ஏப்ரல், மே, மே, ஜூன், ஜூலை என்று வரும். மே இரண்டு முறை! ஜூன் என்று எழுதிய கோடு உண்மையில் ஜூன் முடிகிற இடத்தில் இருக்கும். இந்த அச்சு எண் அச்சு. அதற்கு மாதம் தெரியாது, நாள் எண்ணிக்கைதான் தெரியும். ஆகவே இங்கே மாதப் பெயரை மட்டும் தனியாகப் போடாதீர்கள். 7 அல்லது 14 நாள் இடைவெளி வைத்து, நாளையும் சேர்த்துக் காட்டுங்கள்.

கூகுள் ஷீட்ஸில் இதைச் செய்யத் தேதியை நேரடியாக அடுக்காகக் கொடுப்பது தொல்லை. ஏப்ரல் 1-லிருந்து எத்தனையாவது நாளில் தொடங்குகிறது என்று கழித்து (14, 61), அந்த எண்ணை முதல் அடுக்காக்கி, அதன் ஒளிபுகாத்தன்மையைப் பூஜ்யமாக்குங்கள்.

பயிற்சிக்கு இன்னொரு வரி சேர்க்க விரும்பினால் பாசன நீரைச் சேருங்கள். பேச்சிப்பாறை அணையில் வழக்கமாக ஜூன் 1-இல் தண்ணீர் திறந்து பிப்ரவரி 28-இல் அடைப்பார்கள். 2025 ஜூன் முதல் 2026 பிப்ரவரி வரை 273 நாள். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகங்களையும் இதற்குக் கீழே தனி வரியாகப் போடலாம். பட்டை ஆண்டைத் தாண்டுகிறதால் இங்கே அச்சில் ஆண்டையும் காட்டியே ஆகவேண்டும்.

ஒரு நாள் முன்னே பின்னே போனால்

கூகுள் ஃபார்மில் வரும் பதிவுகளில் தேதியோடு நேரமும் ஒட்டியிருக்கும். மென்பொருளுக்கு நேரம் என்பது தசமப் பகுதி. மதியம் 12 மணி என்றால் 0.5. ஒரே நாளில் மூன்று முறை பதிந்தால் அவை மூன்று வேறு எண்கள், ஆகவே எழுத்து அச்சில் மூன்று வேறு பட்டைகள். ‘இன்ட்’ சூத்திரத்தால் தசமத்தை வெட்டி ஒரு புதிய நெடுவரிசை உண்டாக்கி, அதை வைத்துப் பிவட் டேபிளில் நாள்வாரியாகக் கூட்டி, அந்த விடையிலிருந்து படம் போடுங்கள். தேதி வடிவத்தை மட்டும் மாற்றி நேரத்தை மறைத்தால் போதாது. மறைந்திருக்கும், போயிருக்காது.

தோவாளைச் சந்தை விடியும் முன்பே கூடிவிடும். காலை 4.45-க்குப் போட்ட பதிவு யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் முந்தைய நாள் இரவு 11.15. நேரத்தை யுடிசியில் சேமிக்கும் செயலியிலிருந்து கணக்கை இறக்கினால், காலை 5.30-க்கு முந்திய வியாபாரமெல்லாம் முதல் நாள் பட்டையில் போய்ச் சேர்ந்துவிடும். தேதியாக வெட்டும் முன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுங்கள். வெட்டிய பிறகு கூட்டிப் பயனில்லை.

மழைக் கணக்கில் இதுவே வேறு உருவத்தில் வரும். வானிலைத் துறையின் நாள் மழையளவு காலை 8.30-க்கு எடுக்கப்படுவது. 26-ஆம் தேதி என்று பதிந்திருப்பது 25-ஆம் தேதி காலை 8.30 முதல் பெய்தது. படத்தின் அடியில் அதை ஒரு வரி எழுதிவிடுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, குழித்துறை மழையை மில்லிமீட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். மூன்று ஊர் மழையைக் கூட்டி வரும் உயரத்துக்கு எந்தப் பொருளும் கிடையாது. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள்.

பவர் பிஐ, டேப்லோ

பவர் பிஐ, டேப்லோ இரண்டும் தரவைப் படமாக்கும் மென்பொருள்கள். பவர் பிஐயில் தேதியை அச்சில் இழுத்துப் போட்டதும் ஆண்டு, காலாண்டு, மாதம், நாள் என்று தானாகப் பிரித்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒரே ஒரு தடித்த பட்டையைக் காட்டும். அந்தப் புலத்தின் பக்கத்திலுள்ள அம்புக்குறியை அழுத்தி, ‘டேட் ஹையரார்க்கி’ என்பதை விட்டுத் தேதியையே தேர்ந்தெடுங்கள். எக்செலின் டேட், டெக்ஸ்ட் ஆக்சிஸ் இங்கே ‘கன்டினியுவஸ்’, ‘கேட்டகாரிக்கல்’ என்ற பெயரில் இருக்கின்றன. மாதப் பெயர் அகரவரிசையில் நின்றால் மாத எண்ணுக்கு ஒரு நெடுவரிசை உண்டாக்கி, ‘சோர்ட் பை காலம்’ மூலம் அதோடு இணையுங்கள்.

டேப்லோவில் தேதிமேல் ரைட் கிளிக் செய்தால் ‘மன்த்’ என்பது இரண்டு இடத்தில் தெரியும். மேலே உள்ளது எல்லா ஆண்டு ஆகஸ்டையும் ஒரே பட்டையில் சேர்த்துவிடும். கீழே உள்ளது ஒவ்வொரு ஆண்டு ஆகஸ்டையும் தனியாக வைக்கும். ஓண விற்பனையை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட வந்தவர் மேலே உள்ளதை எடுத்துவிட்டால் ஒப்பிட ஒன்றுமே மிஞ்சாது. பச்சை நிறத்தில் வந்தால் தொடர் அச்சு, நீலம் என்றால் தனித்தனிப் பெயர்.

1900-க்கு முந்தைய தேதி, கொல்லம் ஆண்டு

பேச்சிப்பாறை அணை கட்டிய காலத்தை, 1897 முதல் 1906 வரை, ஒரு பட்டையாகப் போட நினைத்தால் எக்செல் கைவிரித்துவிடும். அதன் நாட்காட்டி 1900-இல்தான் பிறக்கிறது. 1897-இல் எந்தத் தேதியைக் கொடுத்தாலும் எழுத்தாகவே நிற்கும். போதாததற்கு, 1900-இல் இல்லாத பிப்ரவரி 29-ஐயும் அது ஒரு நாளாக எண்ணிவைத்திருக்கிறது. பழைய லோட்டஸ் மென்பொருளோடு ஒத்துப்போக வேண்டும் என்று வைத்த ஏற்பாடு. கால்க் 1900-க்கு முந்தைய தேதிகளையும் ஏற்றுக்கொள்ளும், அங்கே போடலாம். எக்செல்தான் வேண்டுமென்றால் தேதியை விட்டுவிட்டு ஆண்டை வெறும் எண்ணாக வையுங்கள்: தொடக்கம் 1897, நீளம் 9, அச்சு 1890 முதல் 1910 வரை.

மேக் கணினியில் உருவான பழைய கோப்பைத் திறந்தால் எல்லாத் தேதியும் நான்கு ஆண்டும் ஒரு நாளும் தள்ளித் தெரிய வாய்ப்புண்டு. அந்தக் கோப்புகள் 1904-லிருந்து எண்ணுகிறவை. வித்தியாசம் 1462 நாள். கூட்டியோ கழித்தோ சரிசெய்துகொள்ளலாம்.

நம் பக்கத்துப் பழைய ஆவணங்களிலும் சில கோவில் கணக்குகளிலும் கொல்லம் ஆண்டு இருக்கும். ஆகஸ்ட் நடுவில் ஆண்டு பிறக்கிற அந்தக் கணக்கை எந்த மென்பொருளும் தேதியாக எடுத்துக்கொள்ளாது. 825-ஐக் கூட்டினால் போதும் என்று நினைக்கவேண்டாம். ஆகஸ்ட் நடு முதல் டிசம்பர் வரை அது ஒத்துவராது. பஞ்சாங்கம் பார்த்து நாளுக்கு நாள் ஆங்கிலத் தேதியாக மாற்றி ஒரு நெடுவரிசையில் எழுதுங்கள்; மூலத்தில் இருந்த கொல்லம் தேதியைப் பக்கத்து நெடுவரிசையில் எழுத்தாகவே விட்டுவையுங்கள். படம் முதல் நெடுவரிசையில் ஓடட்டும். பட்டைமேல் எழுத இரண்டாவதை ‘டேட்டா லேபிள்’ பகுதியில் ‘வேல்யூ ஃப்ரம் செல்ஸ்’ மூலம் எடுத்துக்கொள்ளலாம்.